தத்தனும் கோப்பெருஞ்சிங்கனும்

நைஜர் நாட்டு அதிபர் முகமது பசூமை அவருடைய மெய்க்காவல் படையே மாளிகைக்குள் பூட்டிவைத்துவிட்டது என்ற செய்தி வந்த மறுநாள், 2023 ஜூலையில், திருக்கோவிலூரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். பேப்பரை நாலாக மடித்துக் கல்லாப்பெட்டிக்கு அடியில் செருகிவிட்டு, "காவலுக்கு நின்னவனே கதவப் பூட்டிட்டான் பாருங்க சார்" என்றார். அதிர்ச்சியைவிட அருவருப்புதான் அந்தக் குரலில் அதிகம் இருந்தது. வேலைக்கு வைத்த பையன் கல்லாவில் கைவைத்தான் என்று கேள்விப்பட்டவர் மாதிரி முகத்தைச் சுளித்தார்.

இந்தச் செய்தியைத் திருக்கோவிலூரில் இருந்து கேட்பதில் ஒரு பொருத்தம் உண்டு. மெய்ப்பொருள் நாயனார் ஆண்ட ஊர் இது. போரில் அவரை வெல்ல முடியாத முத்தநாதன் உடம்பெல்லாம் நீறு பூசி, ஓலைச்சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு சிவனடியாராக வந்தான். வாசல்கள் எல்லாம் திறந்து வழிவிட்டன. கடைசி வாசலில் நின்ற தத்தன் என்ற காவலன் மட்டும் தடுத்துப் பார்த்தான். மீறி உள்ளே போன முத்தநாதன், தன் காலில் விழுந்து வணங்கிய மன்னரைக் குத்தினான். தத்தன் வாளை ஓங்கிக்கொண்டு பாய்ந்தபோது, சரிந்துகொண்டிருந்த மன்னர் தடுத்தார். இவர் நம்மவர், இவரை யாரும் தொடாமல் ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வா என்றார். தத்தன் வாளைத் தாழ்த்தினான்.

சைவர்கள் இந்தக் கதையை மன்னர் பக்கம் நின்று படிப்பார்கள். திருநீற்றுக்கு அவர் கொடுத்த மரியாதைதான் கதையின் உயிர் என்பார்கள். எனக்கு எப்போதும் தத்தன் மேல்தான் கண். கையில் வாள் இருக்கிறது. அரசன் சாகக் கிடக்கிறான். செய்தி பரவி ஊரே கொலைகாரனை வெட்டத் திரண்டு நிற்கிறது. அந்த நேரத்தில் நாடே தத்தன் கையில்தான். அவனோ தன் கோபத்தை மடக்கிக்கொண்டு, தனக்குச் சற்றும் பிடிக்காத ஒரு கட்டளையை நிறைவேற்றப் போகிறான்.

ராணுவம் ஏன் ஆட்சியைப் பிடிக்கிறது என்று உலகம் முழுவதும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். 1950க்குப் பிறகு ஏறக்குறைய 490 முயற்சிகள் நடந்திருப்பதாகவும் அவற்றில் பாதி பலித்ததாகவும் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் எண்ணி வைத்திருக்கிறார்கள். எனக்கு மறுபக்கம்தான் வியப்பு. துப்பாக்கி இருப்பவன் துப்பாக்கி இல்லாதவன் பேச்சைப் பெரும்பாலான நாடுகளில் பெரும்பாலான நாட்களில் ஏன் கேட்கிறான்? கேட்காமல் போகும் நாள் எப்படி வருகிறது?

நம் பத்திரிகைகள் இதை நெடுங்காலமாக 'ராணுவப் புரட்சி' என்றே எழுதிவந்தன. விடியற்காலையில் நாலு டாங்கிகள் வானொலி நிலையத்தை வளைப்பதற்குப் புரட்சி என்ற பெயர் எப்படிக் கிடைத்தது என்று தெரியவில்லை. ஆட்சிக் கவிழ்ப்பு என்பதே சரி. மிரட்டி வீட்டை எழுதி வாங்கிக்கொள்கிற வேலைக்கு அதற்குமேல் மரியாதை தேவையில்லை.

தத்தன் வாளைத் தாழ்த்திய அதே நடுநாட்டில் வாளைத் தாழ்த்தாத ஒருவனும் இருந்தான். திருக்கோவிலூருக்குத் தென்கிழக்கே, உளுந்தூர்பேட்டை வட்டத்தில், கெடிலம் ஆற்றுப் பக்கம் சேந்தமங்கலம் இருக்கிறது. நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1231ஆம் ஆண்டு வாக்கில் சோழப் பேரரசன் மூன்றாம் ராஜராஜனைப் பிடித்து இங்கேதான் சிறைவைத்தான் கோப்பெருஞ்சிங்கன். அவன் வெளிநாட்டுப் பகைவன் அல்ல. சோழனுக்குக் கீழே படை வைத்துக் காவல் காத்துவந்த காடவர் குலத்தவன். முதலாம் ராஜராஜனின் தாய் வானவன்மாதேவி திருக்கோவலூர் மலையமான் குலத்துப் பெண். முதல் ராஜராஜனுக்குத் தாய்வழிச் சொந்தம் தந்த வட்டாரம், இரண்டு நூற்றாண்டு கழித்து மூன்றாம் ராஜராஜனுக்குச் சிறை தந்தது. இன்று இரண்டும் ஒரே கள்ளக்குறிச்சி மாவட்டம்.

டீக்கடைப் பேச்சுக்கு அடுத்த வாரம் சேந்தமங்கலம் போனேன். உளுந்தூர்பேட்டையில் இறங்கி விசாரித்துப் போகவேண்டும். கோயிலைச் சுற்றிய மதில் கோயில் மதில் மாதிரி இல்லை, கோட்டைச் சுவர் மாதிரி இருக்கிறது. இறைவன் பெயர் ஆபத்சகாயேசுவரர். ஆபத்தில் உதவுகிறவர். சோழச் சக்கரவர்த்தி இந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்திருப்பாரோ என்னவோ. தமிழகத் தொல்லியல் துறை 1990களில் இந்த ஊரில் அகழாய்வு நடத்தியிருக்கிறது. நான் போன அன்று மேட்டு நிழலில் ஐந்தாறு வெள்ளாடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் ராஜாவை அடைத்து வைத்த இடம் எது என்று கேட்டேன். "எந்த ராஜா?" என்றார். நியாயமான கேள்வி.

கோப்பெருஞ்சிங்கனுக்கு அந்தத் துணிச்சல் ஒரே இரவில் வரவில்லை. காடவர்கள் தங்களைப் பல்லவர் வழி என்று சொல்லிக்கொண்டவர்கள். மூன்று தலைமுறைக்கு முன் இவர்கள் சோழ அரசின் அலுவலர்கள், படைத்தலைவர்கள். கூடலூரைச் சுற்றிய ஊர்களில் பாடிகாவல் இவர்கள் கையில் இருந்தது. பாடிகாவல் என்றால் ஊரைக் காப்பது, காப்பதற்குக் கூலியாக ஊரில் வரி தண்டிக்கொள்வது. அரசனுக்கு இது வசதி. கருவூலத்திலிருந்து சம்பளம் தரவேண்டியதில்லை, திருடனைப் பிடிக்க ஆள் அனுப்பவேண்டியதில்லை. ஆனால் ஊர்க்காரன் கண்ணுக்கு என்ன தெரியும்? வரி வாங்குபவனும் காடவன், வழக்குத் தீர்ப்பவனும் காடவன், வேலோடு வாசலில் நிற்பவனும் காடவன். தஞ்சையும் கங்கைகொண்ட சோழபுரமும் மெய்க்கீர்த்தியில் மட்டும் வரும் பெயர்களாகிவிடும்.

பட்டப்பெயர்களைப் பார்த்தாலே போதும். சோழனுக்குப் பணிந்து நடந்த காலத்திலேயே காடவர் தலைவர்கள் 'ஆளப்பிறந்தான்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். கோப்பெருஞ்சிங்கன் காலத்தில் அது 'அவனி ஆளப்பிறந்தான்' ஆயிற்று. பிறகு 'சகலபுவனச் சக்கரவர்த்தி'. அலுவலகத்தில் ஒருவர் தன் மேசையில் பெயர்ப்பலகையை வருடத்துக்கு ஓர் அங்குலம் பெரிதாக்கிக்கொண்டே போனால் மேலதிகாரி கவனித்திருக்க வேண்டும். மூன்றாம் குலோத்துங்கன் காலத்திலேயே நடுநாட்டுச் சிற்றரசர்கள் தங்களுக்குள் யாருக்கு யார் துணை, யாருக்கு யார் பகை என்று உடன்படிக்கை செய்து கல்லில் வெட்டிவைத்தார்கள். பேரரசன் உயிரோடு இருக்கும்போதே அவனைக் கேட்காமல் இவர்கள் கூட்டணி பேசிக்கொள்கிறார்கள் என்றால் கவிழ்ப்பு அப்போதே பாதி முடிந்துவிட்டது.

மீதிப் பாதியைப் பாண்டியன் முடித்துவைத்தான். மாறவர்மன் சுந்தரபாண்டியன் முன்பு ஒருமுறை தஞ்சையையும் உறையூரையும் எரித்துவிட்டு, போனால் போகிறது என்று முடியைத் திருப்பித் தந்திருந்தான். கப்பம் கட்ட மறுத்த மூன்றாம் ராஜராஜன் இரண்டாம் முறையும் தோற்று, கன்னட நாட்டுப் போசளரிடம் அடைக்கலம் தேடி வடக்கே போகும் வழியில், வந்தவாசிக்கு அருகே தெள்ளாற்றில் கோப்பெருஞ்சிங்கன் மறித்தான். தோற்ற அரசன், காலியான கருவூலம், பிளந்துகிடந்த படை. கவிழ்ப்பு நடந்த நாடுகளின் கதையை எடுத்துப் பார்த்தால் இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பெரும்பாலும் இருக்கும்.

அடுத்து நடந்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கடலூர் அருகே திருவயிந்திரபுரம் கோயில் கல்வெட்டு அதை விவரமாகச் சொல்கிறது. சோழன் சிறைப்பட்ட செய்தி கேட்ட போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன், சோழ ராச்சியத்தை நிலைநிறுத்தியவன் என்ற தன் விருதுக்கு இழுக்கு வரக்கூடாது என்று துவாரசமுத்திரத்திலிருந்து கிளம்பினான். அவனுடைய தண்டநாயகர்கள் அப்பண்ணனும் சமுத்திர கோப்பையனும் காடவ நாட்டுக்குள் இறங்கினார்கள். ஊர்களைக் கொளுத்தியது, பயிரை அழித்தது, பெண்களைப் பிடித்தது, கொள்ளையிட்டது எல்லாவற்றையும் கல்வெட்டு வெட்கமில்லாமல் பெருமையாகவே பதிவு செய்திருக்கிறது. எதிர்ப்பக்கம் விழுந்தவர்களில் பராக்கிரமபாகு என்ற ஈழத்து அரசனும் ஒருவன் என்கிறது. நடுவில் தில்லைப் பொன்னம்பலத்தையும் கும்பிட்டுக்கொள்கிறார்கள். சேந்தமங்கலத்தை முற்றுகையிடத் திரும்பியபோது கோப்பெருஞ்சிங்கன் பணிந்து சோழனை விட்டுவிட்டான்.

இது வென்றவன் எழுதிய கதை என்பதை மறக்கக்கூடாது. கோப்பெருஞ்சிங்கனின் கதை வயலூர்க் கல்வெட்டில் வேறு தொனியில் இருக்கிறது. தில்லைக் கோபுரத் திருப்பணியில் அவன் பெயர் நிற்கிறது. வெறும் முரடன் இல்லை அவன். ஆனால் கணக்கைப் பாருங்கள். மீட்டுக்கொடுத்தவர்கள் ஊருக்குத் திரும்பவில்லை. சமயபுரத்துக்குப் பக்கத்திலேயே கண்ணனூரில் போசளர் இன்னொரு தலைநகரம் கட்டி உட்கார்ந்துகொண்டார்கள். மாரியம்மனைக் கும்பிடப் போகிறவர்கள் அங்கே உள்ள போஜீசுவரர் கோயிலை எட்டிப் பார்க்கலாம், அது போசளேசுவரர். சோழன் சிம்மாசனத்தில் திரும்ப உட்கார்ந்தான், அவ்வளவுதான். ஒரு வாள் பறித்ததை இன்னொரு வாள் மீட்டுக்கொடுத்தால் அதற்குப் பெயர் மீட்பு இல்லை, கைமாற்று. சிறைவைத்தவன் வழிவந்த இரண்டாம் கோப்பெருஞ்சிங்கனும் சடையவர்மன் சுந்தரபாண்டியனிடம் தோற்று அடங்கினான். 1279 வாக்கில் சோழர் கல்வெட்டும் நின்றுபோகிறது, காடவர் கல்வெட்டும் நின்றுபோகிறது. சிறைப்பட்ட வீடும் சிறைவைத்த வீடும் ஏறக்குறைய ஒன்றாகவே இருண்டுபோயின.

நைஜருக்கு வருவோம். பசூமைப் பூட்டிய தளபதி சியானி அதிபரின் காவல் படைத் தலைவராக இருந்தவர். அண்டை நாடுகளின் கூட்டமைப்பு நரசிம்மனைப் போலவே மீட்க வருவதாகச் சொல்லி, ஒரு வாரக் கெடு வைத்து மிரட்டியது. படை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கண்ணனூர் மாதிரி ஒன்று அங்கேயும் முளைத்திருக்குமோ என்று அந்த மக்கள் பயந்ததில் நியாயம் உண்டு. ராணுவம் ஆட்சியைப் பிடித்த மாலி, புர்க்கினா பாசோ, நைஜர் மூன்றும் கூட்டமைப்பிலிருந்தே விலகிவிட்டன. பசூமை இரண்டு ஆண்டு கடந்தும் விடவில்லை.

அரசனே வாளைப் பழக்கப்படுத்திக் கொடுக்கும் இந்தக் கதை 20ஆம் நூற்றாண்டில் நம்மைச் சுற்றி மூன்று இடத்தில் நடந்தது. பாகிஸ்தானில் 1954இல் தலைமைத் தளபதி அயூப் கானைச் சீருடையோடு பாதுகாப்பு அமைச்சராக்கினார்கள். நாலு ஆண்டில் அவர் நாட்டையே எடுத்துக்கொண்டார். பர்மாவில் தன் கட்சி பிளந்ததும் பிரதமர் ஊ நூ 1958இல் தளபதி நெ வின்னைக் கூப்பிட்டு, கொஞ்ச காலம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆட்சியை ஒப்படைத்தார். நெ வின் பார்த்துக்கொண்டார், 1960இல் தேர்தல் நடத்தித் திருப்பியும் கொடுத்தார். ஆனால் ருசி கண்டுவிட்டது. 1962 மார்ச் 2 அன்று கேட்காமலே எடுத்துக்கொண்டார். 26 ஆண்டுகள்.

அந்த மார்ச் 2 தமிழ்நாட்டுக்குள் எத்தனை வீட்டைத் தொட்டது என்பதை நாம் சரியாக எழுதிவைக்கவில்லை. கடைகள் தேசியமயம், 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது. மூன்று தலைமுறையாக ரங்கூனில் இருந்தவர்கள் கையில் மூட்டையோடு சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். பர்மா பஜார் அப்படி வந்தது, ஊருக்கு ஊர் பர்மா காலனி அப்படி வந்தது, பாரிமுனைத் தள்ளுவண்டியில் பர்மா நூடுல்ஸ் அத்தோ அப்படி வந்தது. இங்கே பிழைக்க முடியாமல் நடந்தே பர்மா திரும்பப் பார்த்தவர்கள் மணிப்பூர் எல்லையில் மோரேவில் தடுக்கப்பட்டு அங்கேயே தங்கிவிட்டார்கள்.

நம் ஹவில்தார் மணிப்பூரில் பணியாற்றியவர். மோரே பேச்சை எடுத்ததும் அவர் முகம் மாறியது. "எல்லைக் கேட்டுக்கு இந்தப் பக்கம் அங்காள பரமேஸ்வரி கோயில் சார். மேல்மலையனூர்ல பார்க்கிற அதே அம்மா. இட்லிக் கடை வேற. இவங்க எப்படி இங்க வந்தாங்கன்னு எனக்கு அன்னிக்குப் புரியல." ரங்கூனில் ஒரு தளபதி ஒரு நாள் காலை எடுத்த முடிவு அங்காளம்மனை இந்தியாவின் கிழக்கு ஓரத்தில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறது.

ரங்கூன் விழுவதற்கு 34 நாள் முன்னால், 1962 ஜனவரி 27 இரவு, கொழும்பு விழுந்திருக்க வேண்டியது. காவல் துறை, தரைப்படை, கடற்படை உயரதிகாரிகள் சேர்ந்து சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசைக் கவிழ்க்கத் திட்டம் போட்டார்கள். பெரும்பாலோர் கிறித்தவர்கள். நல்ல பள்ளி, நல்ல ஆங்கிலம், 1956க்குப் பிறகு வந்த தனிச் சிங்கள அலையில் தங்கள் காலம் முடிகிறது என்ற பொருமல். அது ஒரு காரணம். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. 1958 கலவரத்தை அடக்க அவசர நிலை, 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி முன்னால் நடந்த சத்தியாகிரகத்தை உடைக்க ராணுவம் என்று, அரசியல்வாதி பேசித் தீர்க்கவேண்டியதை எல்லாம் அதிகாரிகளிடம் தள்ளிவிட்டார்கள். மாவட்டத்தை நடத்திப் பழகியவனுக்கு நாட்டை நடத்த முடியும் என்று தோன்றுவதில் என்ன வியப்பு? காவல் துறை அதிகாரி ஒருவர் தயங்கி, செய்தி மாமனார் வழியாக அரசுக்குப் போனது. அன்றிரவே கதை முடிந்தது.

முடியவில்லை. சதிகாரர்களைத் தண்டிக்க அரசு பின்தேதியிட்டு ஒரு தனிச் சட்டம் போட்டது. 11 பேர் தண்டிக்கப்பட்டார்கள். 1965 டிசம்பரில் லண்டன் பிரிவி கவுன்சில், நீதிமன்றத்தின் வேலையை நாடாளுமன்றம் எடுத்துக்கொண்டது தவறு என்று அத்தனை பேரையும் விடுவித்தது. ராணுவத்தின் மேல் நம்பிக்கை போன அரசு, ஆயுதத்துக்குப் பணம் தருவதைக் குறைத்தது, ஆளெடுப்பைச் சிங்கள பௌத்தர் பக்கம் திருப்பியது. 1971இல் ஜே.வி.பி. என்ற இடதுசாரி அமைப்பின் இளைஞர்கள் அரசுக்கு எதிராகக் கிளம்பியபோது சுடத் தோட்டா போதாமல் வெளிநாடுகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. அதற்கடுத்த பத்தாண்டில் வடக்கே அனுப்பப்பட்ட ராணுவத்தில், அங்குள்ள மக்களின் மொழி பேசத் தெரிந்தவன் ஏறக்குறைய இல்லை. தோற்றுப்போன ஒரு கவிழ்ப்பின் நிழல் 1983 இனப்போர் வரைக்கும் நீண்டது. ஜெயித்தால்தான் கெடுதி என்று யார் சொன்னது?

இங்கே ஏன் நடக்கவில்லை? நம் ராணுவத்தின் ஒழுக்கம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. பாகிஸ்தான் ராணுவமும் அதே ஆங்கிலேயர் வளர்த்த அதே ஒழுக்கம்தான். வேறுபாடு ஏற்பாட்டில் இருந்தது. டெல்லியில் தலைமைத் தளபதி குடியிருந்த பெரிய மாளிகையை வாங்கிக்கொண்டு நேரு அதில் குடியேறினார். அதுதான் தீன்மூர்த்தி பவன். மூன்று படைக்கும் மேலே ஒரே தலைமைத் தளபதி என்ற பழைய ஏற்பாட்டை 1947இல் கைவிட்டு, மூன்று தனித்தனித் தலைவர்களை வைத்தார்கள்; 1955இல் அவர்களுடைய 'தலைமைத் தளபதி' என்ற பட்டத்தையும் நீக்கினார்கள். புகழ்பெற்ற கரியப்பா ஓய்வுபெற்றதும் தூதராக ஆஸ்திரேலியா அனுப்பப்பட்டார். 1964இல் நேருவின் இறுதி ஊர்வலத்துக்குத் தளபதி சௌத்ரி டெல்லிக்குள் கூடுதல் படை வரவழைத்ததற்கே சந்தேகப்பட்டார்கள். சந்தேகம் அசிங்கமாகத் தெரியலாம். முத்தநாதனை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டது தத்தன் ஒருவன்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சௌத்ரிக்கு அடுத்து 1966இல் வந்த பி.பி. குமாரமங்கலம் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஜமீன் வீட்டுப் பிள்ளை. அப்பா சுப்பராயன் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தவர், தம்பி மோகன் குமாரமங்கலம் பேர்பெற்ற கம்யூனிஸ்ட். அண்ணன் ராணுவத் தலைமையில் இருந்த 1967இல்தான் காங்கிரஸ் பல மாநிலங்களில் கவிழ்ந்தது, இங்கே அண்ணா முதலமைச்சரானார். ஆளுக்கொரு கட்சி, ஊருக்கொரு கொடி. டெல்லி வானொலியைப் பிடித்தால் மட்டும் புனித ஜார்ஜ் கோட்டை விழுந்துவிடாது என்ற நிலை வந்துவிட்டது. இந்தியாவைக் காத்ததில் இந்தச் சந்தைக்கடை அரசியலுக்கும் பங்கு உண்டு.

அதற்காக நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. 1975இல் ஒரு சிப்பாய்கூடப் படைமுகாமை விட்டு வெளியே வராமல் நெருக்கடி நிலை வந்தது. 1976 ஜனவரி 31 அன்று இங்கிருந்த ஆட்சியும் கலைக்கப்பட்டது. கோட்டு போட்டவர்கள் செய்தால் கவிழ்ப்பு என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. 2019 தேர்தலுக்கு முன்பு, வீரர்களின் படத்தைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று தேர்தல் ஆணையம் கட்சிகளுக்குச் சொல்லவேண்டி வந்தது. சுவரொட்டியில் வேட்பாளருக்குப் பக்கத்தில் சீருடையை நிறுத்துகிறவர் ராணுவத்துக்கு மரியாதை செய்வதாக நினைக்கிறார். 'ஆளப்பிறந்தான்' பட்டத்தைக் கண்டும் காணாமல் விட்ட சோழ மன்னனும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

சேந்தமங்கலத்திலிருந்து திரும்பிய மாலை மறுபடி அந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். ஹவில்தாருக்கு கோப்பெருஞ்சிங்கன் கதை சொன்னேன், தலையாட்டினார். தத்தன் கதை சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரியும், ஆனால் ஓர் இடம் மறந்துபோயிருந்தது.

"எல்லை தாண்டி விட்டுட்டுத் திரும்பி வந்து ரிப்போர்ட் பண்ணானா சார்?"

பண்ணினான் என்றேன். தத்தன் வந்து சொல்கிறவரை மன்னர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்றேன்.

"அப்ப சரி" என்று டீ ஆற்றப் போனார்.